கணக்கேட்டில் ஒரு கழுவாய்

நுழையும்முன்

பிழை செய்தவர் வருந்துவது அறத்தின் முதற்படி. அப்பிழையால் தமக்கு வந்த பொருளை என்ன செய்வது என்று எண்ணுவது அதனினும் கடினமான அடுத்த படி. மனிதரை மனிதர் உடைமையாக்கிய காலத்தில் தானும் அதன் பயனைப் பெற்றதை ஒரு திருச்சபை தன் பழைய கணக்கேடுகளைப் புரட்டிக் கண்டறிந்தது, அதனை உலகறிய ஒப்புக்கொண்டது, ஈடுசெய்யவும் முன்வந்தது. அவ்வரலாற்றையும், அது நம் மண்ணை நோக்கி எழுப்பும் வினாக்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடனும் மனிதரும்

ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களின் சிற்றூர்களில் 'கண்டிக்குப் போனவர்கள்' என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழை பொய்த்து, வானம் பார்த்த நிலங்கள் வறண்ட காலங்களில் சேலம் மாவட்டச் சமவெளியிலிருந்து உழைக்கும் மக்கள் பலர் இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. இக்கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனோடு சேர்த்து மனிதரும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921ஆம் ஆண்டில்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆயினும் ஒரு கணக்கேட்டின் வரி அவர்தம் வாழ்வைக் கட்டிப்போட்டது. இதற்கும் முற்பட்ட காலத்தில், உலகின் மற்றொரு மூலையில், கடன் மட்டுமன்றி மனிதரே கால்நடைகளோடும் கருவிகளோடும் சேர்த்து உடைமைப் பட்டியலில் எழுதப்பட்டனர். அப்பட்டியல்களுள் ஒன்று, அன்பைப் போதித்த ஒரு திருச்சபைச் சங்கத்துக்கு உரியது.

சங்கத்தின் கரும்புத் தோட்டம்

இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்தி பரப்புச் சங்கம் 1701ஆம் ஆண்டு தோன்றியது. எஸ்.பி.ஜி. என்னும் சுருக்கப் பெயரால் அது தமிழகத்திலும் அறியப்பட்டது. 1710இல் கிறிஸ்தோபர் காட்ரிங்டன் என்னும் செல்வர் இறந்தபோது, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசில் தமக்கிருந்த இரு கரும்புத் தோட்டங்களை அச்சங்கத்துக்கு எழுதிவைத்தார். அங்கே ஒரு கல்லூரி அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். தோட்டங்களில் எப்போதும் முந்நூறு அடிமைகளேனும் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விருப்பாவணத்தின் விதி.

சங்கம் கொடையை ஏற்றது. அடிமைகளின் உரிமையாளரும் ஆயிற்று. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்டவர்களை விலைகொடுத்து வாங்கியது. தப்பியோடினால் அடையாளம் காண்பதற்காக அவர்தம் மார்பில் 'சொசைட்டி' என்னும் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது. சங்கம் என்பதே அச்சொல்லின் பொருள். புதிதாக வாங்கப்பட்டோருள் பதின்மருக்கு நால்வர் மூன்றாண்டுகளுக்குள் இறந்தனர் என்று வரலாற்றறிஞர் எழுதியுள்ளனர். சூடு போடும் வழக்கம் பின்னர்க் கைவிடப்பட்டது. அடிமை முறையோ நூறாண்டுக்கு மேல் நீடித்தது. தோட்டத்தை நடத்தியவர்கள் தங்களைக் கொடியவர்களாகக் கருதவில்லை. கல்லூரிக்கும் சமயப் பணிக்கும் பொருள் சேர்ப்பதாகவே கருதினர். நல்ல நோக்கத்தின் நிழலில் தீமை எவ்வளவு காலம் அமைதியாக வாழ முடியும் என்பதற்கு அத்தோட்டம் சான்று.

விடுதலையின் விலை

1833ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அது 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி இரண்டு கோடிப் பவுண்டு இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. இழந்தவர் யார் என்னும் வினாவுக்கு அன்றைய அரசு அளித்த விடை நம்மைத் திகைக்கச் செய்யும். உழைப்பையும் உறவையும் பறிகொடுத்த அடிமைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 'உடைமையை' இழந்த உரிமையாளர்களுக்கே அத்தொகை முழுவதும் சென்றது. விடுதலை பெற்றோரும் 'பயிற்சிக் காலம்' என்னும் பெயரில் 1838 வரை பழைய முதலாளியிடமே உழைக்க வேண்டியிருந்தது.

காட்ரிங்டன் தோட்டத்தின் 411 அடிமைகளுக்காகச் சங்கம் பெற்ற தொகை 8,823 பவுண்டு 8 ஷில்லிங் 9 பென்சு. ஓர் உயிருக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பவுண்டு! பென்சு வரையில் துல்லியமாக எழுதப்பட்ட அக்கணக்கில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே நின்றனர்.

தெரியுமா?
அடிமை உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கப் பிரித்தானிய அரசு கடன் வாங்கியது. அக்கடனின் எச்சம் 2015ஆம் ஆண்டில்தான் முழுமையாகத் தீர்க்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரித்தானியாவில் குடியேறிய அடிமைகளின் வழித்தோன்றல்களும் தம் வரிப்பணத்தால் அக்கடனைத் தீர்க்க உதவியிருக்கின்றனர்.

நன்றியும் நேர்மையும்

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஓர் இக்கட்டு எழுகிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லும், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886இல் வெளியிட்ட ஜி.யு. போப்பும் இதே எஸ்.பி.ஜி. சங்கத்தில் பணியாற்றியவர்கள். 1838இல் கால்டுவெல்லும் 1839இல் போப்பும் வேறு சங்கங்களின் வழியாகத் தமிழகம் வந்து, பின்னரே இதில் இணைந்தனர். அதற்கு முன்பே காட்ரிங்டனில் அடிமை முறை சட்டத்தால் முடிந்திருந்தது. ஆகவே அக்குற்றத்தை இவ்விருவர் மீதும் ஏற்றுதல் முறையன்று. ஆனால், தமிழுக்குத் தொண்டு செய்தோரை அனுப்பிய சங்கம் என்பதற்காக அதன் பழைய கணக்கை மறைப்பதும் முறையன்று. நன்றி ஓர் அறம். உண்மை மற்றோர் அறம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

அக்காலச் சமயத் தொண்டர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றனர் என்றும் கொள்ளலாகாது. 1827 முதல் சேலத்தில் பணியாற்றிய இலண்டன் மிஷன் சங்கம், தென்னமெரிக்காவின் டெமராரா பகுதிக்கு ஜான் சுமித் என்பவரை அனுப்பியிருந்தது. 1823இல் அங்குள்ள அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டி அவருக்கு மரண தண்டனை விதித்தனர். மன்னரின் கருணை ஆணை வந்து சேர்வதற்கு முன்பே, 1824 பிப்ரவரியில், சிறையில் நோயுற்று அவர் இறந்தார். அச்செய்தி இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு வலுவூட்டியது. எனவே, 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி எவரும் தப்பிவிட இயலாது. அதே காலத்தில் அதனை எதிர்த்தவர்களும் வாழ்ந்தார்கள்.

மன்னிப்பிலிருந்து ஈட்டுக்கு

2006 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை, அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. காட்ரிங்டன் தோட்டத்தின் சூட்டுக்கோல் அன்று அப்பேரவையில் நினைவுகூரப்பட்டது. எனினும் அம்மன்னிப்பு சொல்லளவிலேயே நின்றது.

திருச்சபையின் பெருநிதியை நிருவகிக்கும் ஆணையம் 2019இல் ஒருபடி மேலே சென்றது. தன் நிதியின் ஊற்றுக்கண்ணைத் தேடுமாறு கணக்காய்வாளர்களைப் பணித்தது. வறிய குருமார்க்கு உதவுவதற்காக 1704இல் ஆன் அரசியின் பெயரால் நிறுவப்பட்ட அறநிதி, இவ்வாணையத்தின் முன்னோடிகளுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பேரேடுகளை வரி வரியாக ஆராய்ந்தபோது, அந்நிதி தென்கடல் நிறுமத்தில் பெருந்தொகையை முதலீடு செய்திருந்தது தெரியவந்தது. அந்நிறுமமோ ஏறத்தாழ 34,000 ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கப்பலேற்றியது. அடிமை வணிகத்தால் செல்வம் திரட்டிய எட்வர்டு கோல்சுட்டன் போன்றோரின் நன்கொடைகளும் அந்நிதியில் சேர்ந்திருந்தன. ஏழைகளுக்கான அறத்தின் வேரில் மற்ற ஏழைகளின் குருதி கலந்திருந்தது.

2023 சனவரியில் ஆணையம் இவ்வறிக்கையை முழுமையாக வெளியிட்டது. ஒன்பது ஆண்டுகளில் பத்துக் கோடிப் பவுண்டு ஒதுக்கி, அடிமை முறையால் பாதிக்கப்பட்ட சமுதாயங்களில் முதலீடு செய்யவும், ஆய்வுகளுக்கு உதவவும் உறுதியளித்தது. இத்தொகை போதாது, நூறு கோடிப் பவுண்டை இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ஆணையம் அமைத்த கண்காணிப்புக் குழு 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது.

எஸ்.பி.ஜி.யின் வழிவந்த இன்றைய அமைப்பும் வாளாவிருக்கவில்லை. அது 2023 செப்டம்பரில் பார்படோசிலேயே, காட்ரிங்டன் அறக்கட்டளையுடன் இணைந்து, எழுபது இலட்சம் பவுண்டு மதிப்பிலான ஈடுசெய் திட்டத்தை அறிவித்தது. தோட்டத்தைச் சூழ வாழும் மக்களின் மேம்பாடு, வரலாற்றாய்வும் கல்வியும், அடிமைகள் புதைக்கப்பட்ட இடங்களைக் கண்டறிந்து நினைவுச்சின்னம் அமைத்தல், குடும்ப வரலாறுகளைத் தேடுதல் என்பன அதன் நான்கு பகுதிகள். எண்களாக மட்டும் எழுதப்பட்டவர்களுக்குப் பெயரைத் திரும்பத் தருவதும் ஈட்டின் ஒரு பகுதியாயிற்று.

எழும் வினாக்கள்

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் உண்டு. முன்னோர் பிழைக்கு இன்றுள்ளோர் ஏன் பொருள் தர வேண்டும்? உள்ளூர்ச் சபைகளின் பணிக்குரிய நிதியை வேறு வழியில் செலவிடலாமா? தென்கடல் நிறுமத்தில் இட்ட முதலீடு அடிமை வணிகத்தின் இலாபத்தை உண்மையில் ஈட்டித் தந்ததா? இவ்வாறு வினவுவோருள் வரலாற்றறிஞரும் உள்ளனர். இழந்த தலைமுறைகளுக்கு எத்தொகை ஈடாகும் என்று மறுபுறத்தினரும் கேட்கின்றனர்.

இவ்வினாக்களைப் புறக்கணித்தல் அறிவுடைமையன்று. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. முன்னோர் செய்த குற்றம் வழித்தோன்றல்களைச் சாராது. ஆனால் முன்னோர் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் உரிமையோடு பெறுபவர், அவர்கள் விட்டுச்சென்ற கடனையும் ஏற்பதே உலக வழக்கு. சொத்துப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடன் பத்திரத்தைக் கிழித்தெறிவதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது. தனிமனிதர் மறைகின்றனர், நிறுவனமோ தன் பெயரோடும் நிதியோடும் தொடர்ந்து வாழ்கிறது. அதன் புகழ் தொடர்ந்து வருமானால் பொறுப்பும் தொடர்ந்தே வரும்.

நம் மண்ணின் ஏடுகள்

அடிமை முறை அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சுந்தரரை ஆட்கொள்ள வந்த முதியவர் ஆளோலை காட்டி வழக்குரைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. மனிதரை உரிமையாக்கும் ஓலை அன்றைய வாழ்வில் அறியப்பட்ட ஒன்று என்பதை இக்கதை காட்டுகிறது. ஆட்கள் கோயிலுக்கு விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவும் பதிவுசெய்துள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து பல்லாயிரவரை டச்சு வணிகர் அடிமைகளாகக் கப்பலேற்றினர்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கி வைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இந்தியாவில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் 1855இல் அடிமைகள் விடுதலை பெற்றனர். ஓலைகள் மறைந்தன; ஆனால் படியாள், பண்ணையாள் என்னும் பெயர்களில் கடன் மனிதரைத் தொடர்ந்து கட்டிவைத்தது. நம் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்கள் யாவும் அழிந்தன என்றது. அச்சட்டம் மீட்கப்பட்டோரின் மறுவாழ்வையும் அரசின் கடமையாக்கியது. 1833இன் சட்டம் உரிமையாளரின் இழப்பை எண்ணியது. 1976இன் சட்டம் உழைத்தவரின் வாழ்வை எண்ணியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே நாகரிகம் கடந்துவந்த தொலைவு.

ஒரு மடலும் மறுமொழியும்

இலண்டனின் இலாம்பெத் அரண்மனை நூலகத்தில் 1723ஆம் ஆண்டின் மடல் ஒன்று உள்ளது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்தோர் இலண்டன் பேராயருக்கு அதனை எழுதினர். தங்களைக் கொடிய கட்டிலிருந்து விடுவிக்குமாறும், தங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்குமாறும் அதில் வேண்டினர். பெயரை எழுதினால் தூக்கிலிடப்படுவோம் என அஞ்சிக் கையொப்பம் இடவில்லை. அவர்களின் மண்ணில் அடிமை முறை ஒழிய மேலும் 142 ஆண்டுகள் ஆயின.

அம்மடல் 2023இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மடல் எழுதப்பட்டுச் சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஆண்டில் திருச்சபை ஈடுசெய்ய முன்வந்தது. எழுதியவர்களுக்கு அது எட்டாத மறுமொழிதான். ஆயினும் மறுமொழி தராமல் இருப்பதினும் காலந்தாழ்ந்து தருவது மேல். கழுவாய் என்பது நம் புறநானூற்றில் இடம்பெற்றுள்ள பழஞ்சொல். செய்த பிழைக்குச் செய்யும் ஈடு என்பது அதன் பொருள். பிழை கணக்கேட்டில் எழுதப்பட்டிருக்குமானால், கழுவாயும் கணக்கேட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

சொல்லும் பொருளும்

கழுவாய் – பிழைக்குச் செய்யும் ஈடு
ஆளோலை – ஒருவரை அடிமையாக உரிமை கூறும் ஆவணம்
விருப்பாவணம் – உயில்
துண்டு – தோட்டத் தொழிலாளரின் கடனைக் குறித்து அளிக்கப்பட்ட சீட்டு
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து இலங்கை, மலேயா முதலிய நாடுகளின் தோட்டங்களுக்குச் சென்றோர் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒருபக்க அளவில் எழுதுக.
2. 'முன்னோர் பிழைக்கு இன்றைய தலைமுறை ஈடுசெய்ய வேண்டும்' என்னும் தலைப்பில் இரு அணியாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. 'நன்றி ஓர் அறம். உண்மை மற்றோர் அறம்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
4. 1833, 1976ஆம் ஆண்டுச் சட்டங்களை ஒப்பிட்டு, அவை யாருடைய இழப்பைக் கருத்திற்கொண்டன என்பதை எழுதுக.