ஒரு ஃபியூஸ் போனால் மூன்று ஃபேஸையும் ஏன் துண்டிக்க வேண்டும்?

மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஒரு ஃபியூஸ் மட்டும் போய்விடுகிறது. மோட்டார் நின்றுவிடுவதில்லை, மீதி இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே சுழல்கிறது. அதே சுமையை இழுக்க, அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், சூடேறும் வேகம் 3 மடங்கு. மோட்டாரின் காயில் கருக அது போதும்.

ஃபியூஸைக் குறை சொல்ல முடியாது. எச்.ஆர்.சி. (உயர் துண்டிப்புத் திறன்) ஃபியூஸின் பீங்கான் கூட்டுக்குள் மெல்லிய வெள்ளி அல்லது செம்புப் பட்டை, சுற்றிலும் குவார்ட்ஸ் மணல். ஷார்ட் சர்க்யூட்டில் பட்டை உருகி மின்வில் எழும்போது, அந்த வெப்பத்தை வாங்கி மணலும் உருகி, கண்ணாடிபோல் இறுகி வில்லை அணைக்கிறது. பெரிய ஷார்ட் என்றால் நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அபாரமான வேகம்! ஆனால் அதற்குத் தன் கம்பி ஒன்றுதான் தெரியும்.

அதனால்தான் ஃபியூஸ் உள்ள மெயின் சுவிட்சோடு மின்னோட்ட உணரியையும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு ஃபேஸ் கம்பியையும் சூழ்ந்த உணரி, அதாவது சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வளையம், 100 ஆம்பியரை 5 ஆம்பியராகச் சுருக்கி ரிலேவுக்குக் காட்டும். ஒரு ஃபேஸ் விழுந்தால், ரிலே சற்றுப் பொறுத்து, சுவிட்சைத் திறக்கும் ட்ரிப் காயிலை இயக்கும். சுவிட்ச் மூன்று ஃபேஸையும் ஒருசேரத் துண்டிக்கும்.

பொறுப்பதற்கும் காரணம் உண்டு: ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வலு சாதாரண சுவிட்சுக்குக் கிடையாது. அதை ஃபியூஸ்தான் முதலில் முடிக்க வேண்டும்.