மேசை விளக்கு அம்மாவா, அப்பாவா?

1986 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் சிக்ராஃப் மாநாடு நடந்தது. கணினி வரைகலைத் துறையினர் ஆண்டுதோறும் கூடி, தங்கள் புதிய வித்தைகளைக் காட்டும் இடம் அது. பிக்சார் அங்கே திரையிட்ட ‘லக்ஸோ ஜூனியர்’ சுமார் இரண்டே நிமிடம் ஓடும் படம். பெரிய மேசை விளக்கு ஒன்று, சின்னது ஒன்று, ஒரு பந்து. வசனம் கிடையாது. கைதட்டல் அரங்கத்தைப் பிளந்தது.

படம் முடிந்ததும் இயக்குநர் ஜான் லாசெட்டரைத் தேடி வந்தார் ஜிம் பிளின். வாயேஜர் விண்கலப் பயணத்தைக் கணினியில் காட்சியாக்கிய ஜாம்பவான். நிழல்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கப்போகிறார், சரியாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாராம் லாசெட்டர். பிளின் கேட்டதோ, “பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?”

லாசெட்டர் பயந்ததில் நியாயம் உண்டு. படத்தின் தொழில்நுட்பச் சாதனையே நிழல்தான். பாத்திரங்களே விளக்குகள், அவை நகர நகர, ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேலும் தன்மேலும் மாறி மாறி விழ வேண்டும். அதற்கான கணக்கைப் போட்டவர் பில் ரீவ்ஸ். ஒவ்வொரு விளக்கும் தானிருக்கும் இடத்திலிருந்து ‘பார்த்தால்’ எது முதலில் தெரியும் என்று கணினி குறித்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் மறைபவை எல்லாம் இருட்டு.

அன்றைய பிக்சாருக்கு சினிமா தொழிலே அல்ல. 1986 பிப்ரவரியில் லூகாஸ்ஃபிலிமிடமிருந்து ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கிய கணினிப் பிரிவு அது; படங்களைக் கையாளும் விலையுயர்ந்த கணினிகளை விற்று வந்தது. தங்களால் என்ன முடியும் என்று உலகுக்குக் காட்டத்தான் குறும்படம். நேரமும் கணினியும் போதாததால் கேமராவை அசைக்கவில்லை, பின்னணியும் வைக்கவில்லை. அந்த வறுமையே படத்துக்கு அழகாகிவிட்டது என்பேன். கண் வேறெங்கும் ஓடுவதில்லை.

லாசெட்டர் டிஸ்னியில் கையால் வரைந்து பழகியவர். கணினியில் உருவம் செய்யக் கற்றபோது, தன் மேசைமேல் இருந்த லக்ஸோ விளக்கையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். சக ஊழியர் ஒருவர் தன் கைக்குழந்தையை அலுவலகத்துக்குத் தூக்கிவர, விளக்குக்கும் ஒரு குழந்தை இருந்தால் எப்படியிருக்கும் என்ற யோசனை பிறந்தது. வெள்ளோட்டக் காட்சியைப் பிரஸ்ஸல்ஸில் பார்த்த பெல்ஜிய இயக்குநர் ரவுல் செர்வே, எத்தனை சிறிய படமானாலும் கதை வேண்டும் என்றார். சில விநாடிப் படத்தில் ஏது கதை என்றார் லாசெட்டர். பத்து விநாடி போதும் என்றார் செர்வே.

பெரிய விளக்கை அப்படியே சுருக்கினால் குட்டி வந்துவிடாது. தண்டுகளும் ஸ்பிரிங்குகளும் நீளத்தில் குறைந்தன, பருமனில் குறையவில்லை. தலைக்கவசம் சிறுத்தது. பல்பு மட்டும் பெரிய விளக்கில் இருந்த அதே அளவு. ஏனென்றால் பல்பு வளர்வதில்லை, கடையில் வாங்கி மாட்டுவது! 1987இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் லாசெட்டரே இதை விளக்குகிறார். பெரிய விளக்கை அதில் ‘அப்பா’ என்றுதான் குறிப்பிடுகிறார்.

ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் முப்பரிமாணக் கணினி அனிமேஷன் குறும்படம் இது. விருதைத் தட்டிச்சென்றது ஒரு பெல்ஜியக் குறும்படம். விளக்கு பிக்சாரின் சின்னமாகவே ஆகிவிட்டது. அசல் லக்ஸோ விளக்கைத் தயாரிக்கும் நார்வே நிறுவனமும் நெடுங்காலம் எதுவும் சொல்லவில்லை. 2009இல் அந்தப் பெயரிலேயே நிஜ விளக்குகள் விற்பனைக்கு வந்தபோதுதான் வழக்குப் போட்டது.