கழுத்து வழியா இதயத்துக்குள் டியூப்: சிலருக்கு மட்டும் ஏன் லேட்டாகுது?

"உள்ளே கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ஆபரேஷனே ஆரம்பிக்கலையாம்!" இதய ஆபரேஷனுக்காக தஞ்சாவூர், திருச்சி என்று வரும் டெல்டா குடும்பங்கள் தியேட்டர் வாசலில் பதறுவது இப்படித்தான். சிலருக்கு இந்தத் தாமதத்துக்குக் காரணம், மயக்க மருந்து கொடுத்த பிறகு போடப்படும் 'ஸ்வான்-கான்ஸ்' கதீட்டர்.

அது என்ன?

கழுத்து ரத்தக்குழாயில் நுழைந்து, இதயத்தின் வலது பக்கத்தைக் கடந்து, நுரையீரல் ரத்தக்குழாய் வரை போகும் மெல்லிய டியூப். 1970ல் அமெரிக்காவில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் என்ற இரு டாக்டர்கள் இதை அறிமுகப்படுத்தினார்கள். நுனியில் ஒன்றரை மில்லி காற்று பிடிக்கும் குட்டி பலூன் இருக்கும். ரத்த ஓட்டமே அதை இழுத்துக்கொண்டு போகும்.

சிக்கல் எங்கே?

வாய்க்காலில் விட்ட இலை மாதிரிதான். மேட்டூர் திறந்து தண்ணி பாய்ந்தால் இலை தானா ஓடும். கோடையில் அங்கேயே நிற்கும். இதயம் பலவீனமாக இருந்தால் பலூனும் அப்படித்தான் நிற்கும். விழித்திருப்பவரிடம் "மூச்சை நல்லா இழுங்க" என்று சொன்னால் இதயத்துக்கு வரும் ரத்தம் கூடும். மயக்கத்தில் அது முடியாது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் ரத்த வரத்து இன்னும் குறையும்.

இன்னொரு பெரிய காரணம் வால்வு. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இடது பக்க வால்வு சுருங்கியவர்களுக்கு, வருஷக்கணக்கில் நுரையீரலில் அழுத்தம் ஏறி, வலது இதயம் வீங்கிவிடும். அங்குள்ள வால்வும் கசியும். கசியும் ரத்தம் பலூனைப் பின்னால் தள்ளும். பெரிதான அறைக்குள் டியூப் சுருண்டுகொள்ளும்.

வலது கழுத்தில் இருந்து சுமார் 40, 45 செ.மீ. போனால் நுரையீரல் குழாய் வந்துவிட வேண்டும். மானிட்டரில் அலை மாறவில்லை என்றால் பலூனைச் சுருக்கி, டியூப்பைப் பின்னால் இழுத்து, மறுபடி முயற்சிக்க வேண்டும். அவசரப்பட்டு தள்ளினால் முடிச்சு விழலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். ஆக, டாக்டர் நிதானமாகச் செய்வது நல்லதுக்குத்தான்.

முன்னாடியே சொல்ல வேண்டியது

பேஸ்மேக்கர் இருக்கிறதா, டயாலிசிஸுக்காக கழுத்தில் டியூப் போட்டார்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய ஈசிஜியையும் மறக்காதீர்கள். இதயத்தின் இடது மின்பாதையில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால், டியூப் உரசி வலது பாதையும் தடைபட்டு துடிப்பு நின்றுவிடும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு தற்காலிக பேஸ்மேக்கர் தயாராக இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. ஐசியூ நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2005ல் வெளியான ஆய்வில், இந்த டியூப் போட்டதால் உயிரிழப்பு குறையவில்லை. பலருக்கு உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவே போதும். "இவருக்கு எதுக்கு டாக்டர் இது?" என்று முந்தின நாளே தாராளமாகக் கேட்கலாம்.