படகுக்குள் தண்ணீர்!

பாம்பனில் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும், ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நீங்களும் சாய்ந்திருப்பீர்கள். கீழே வல்லங்கள் வரிசையாக நிற்கும். கூர்ந்து பார்த்தால் ஏதாவது ஒன்றில் ஒருவர் குனிந்து, தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருப்பார். படகு என்றால் உள்ளே தண்ணீர் வரத்தான் செய்யும்; இறைக்கத்தான் வேண்டும்.

விஷயம் இப்படியிருக்க, காசு கொடுத்துப் பம்பு வாங்கி, வேண்டுமென்றே படகுக்குள் தண்ணீரை நிரப்புகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்க ஏரிகளில் ‘வேக் சர்ஃபிங்’ என்று ஒரு விளையாட்டு. மோட்டார் படகின் பின்னால் எழும் அலை மீது, கயிற்றைக்கூடப் பிடிக்காமல், பலகையில் நின்று சறுக்கி வருவது. அலை பெரிதாக எழ வேண்டுமானால் படகு கனத்து, ஆழ்ந்து போக வேண்டும். அதற்காகப் படகில் பெரிய பைகளைப் போட்டு ஏரித் தண்ணீரையே நிரப்புகிறார்கள். ஒரு பையில் 300, 400 லிட்டர்; அதாவது அத்தனை கிலோ பாரம். ஆட்டம் முடிந்ததும் பம்பு வைத்து வெளியேற்றிவிடுகிறார்கள். (ராமேஸ்வரத்தில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலை மேல் பாய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. காற்று இலவசம்!)

பாரத்தை வைத்துப் படகை வசப்படுத்துவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சென்னை ராஜதானியில் மீன்துறை டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-ல் வெளியிட்ட தமது படகு ஆராய்ச்சியில், பாக் ஜலசந்திப் பாய்மரப் படகுகளின் குறுக்கே போடும் நீண்ட பலகையை விவரித்திருக்கிறார். காற்று ஓங்கினால் ஆட்கள் அந்தப் பலகையில் காற்றடிக்கும் பக்கத்து நுனிக்கு நகர்ந்து உட்காருவார்கள். மனிதனே பாரம்! தேவையான இடத்துக்குத் தானே நகர்ந்து போகும் பாரம்.

தண்ணீருக்கு அந்தப் புத்தி கிடையாது. நிறைந்த பைக்குள் அடைபட்டிருக்கும் வரை அது சாது. படகின் அடியில் அவிழ்ந்து கிடந்தாலோ, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்ந்ததை இன்னும் சாய்க்கும். கணுக்காலளவு தண்ணீர்தானே என்று விட்டுவைத்தால், பக்கவாட்டில் ஓர் அலை மோதும்போது படகே கவிழலாம். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குலத் துவாரம் விழுந்தால், நிமிஷத்துக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். டப்பா என்ன செய்யும்?

ஆகவே பம்பு. பாட்டரியில் ஓடும் பம்புகளில் முக்கியமாக இரண்டு ஜாதி. ரப்பர் இதழ்கள் சுழன்று தண்ணீரை உறிஞ்சித் தள்ளுவது ஒன்று. இதில் பல, கம்பிகளை இடம் மாற்றினால் எதிர்த்திசையிலும் ஓடும். பையை நிரப்பவும் காலி செய்யவும் ஒரே பம்பு போதும் என்பதால் விளையாட்டுக்காரர்களுக்குச் சௌகரியம். ஆனால் தண்ணீரில்லாமல் ஓடினால் இதழ்கள் கருகிக் கிழிந்துவிடும். இன்னொன்று, தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து விசிறிபோல் சுழன்று தள்ளுவது. வலைத் துணுக்கும் மீன் செதிலும் மிதக்கும் வல்லத்துக்கு இதுதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். அடியிலுள்ள சல்லடையை மட்டும் அடிக்கடி கழுவ வேண்டும்.

பெட்டியின் மேல் ‘மணிக்கு 1,100 காலன்’ என்று போட்டிருக்கும். மயங்கிவிடாதீர்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலன் நாலரை லிட்டர். அமெரிக்கக் காலனோ மூன்றே முக்கால்தான். அந்தக் கணக்கும் தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. படகின் விளிம்புக்கு மேல் ஏற்றினால் கணிசமாகக் குறையும். தேவைக்கு இரண்டு மடங்காக வாங்குவதில் தவறில்லை.

இவ்வளவு பார்த்து வாங்கிய பம்பை ஒயரில் கெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டு மின்சாரத்தில் நூறு வாட் பம்பு அரை ஆம்பியர்கூட எடுக்காது. அதே வேலைக்கு 12 வோல்ட் பாட்டரியில் எட்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வீட்டுக்கு இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மிச்சமிருந்ததை, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் பம்புக்குப் போட்டால், போக வர சுமார் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். பம்பு வேகம் குறையும், தண்ணீரும் குறைவாகவே வெளியேறும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் நஷ்டம் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான். ஒற்றைக் கம்பியாக இல்லாமல் பல இழைகளாக, ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். உப்புக் காற்றில் வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப் பச்சை பூத்துவிடும். முறுக்கி டேப் சுற்றுகிற இணைப்பு கடலில் உதவாது. இணைப்பைக் குழலிட்டு நசுக்கி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

பியூஸ் எங்கே? பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். பம்புக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் தேய்ந்து உரசும்போது தீயைத் தடுக்க ஆளிருக்காது. பற்களால் கவ்வும் ‘கிளிப்’பைப் பாட்டரியில் மாட்டி ஓட்டும் கைப்பம்புகள் உண்டு. பெட்ரோல் எஞ்சின் படகில் அந்தக் கிளிப்பிலிருந்து தெறிக்கும் ஒரு பொறியே போதும்!

தண்ணீர் ஏறினால் தானே பம்பை முடுக்கும் மிதவை ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். அதன் ஒயர், படகின் பெரிய ஸ்விட்ச் வழியாக வராமல், பியூஸ் மூலம் நேரே பாட்டரியிலிருந்து வர வேண்டும். காரணம், ஐப்பசி கார்த்திகை மழையில் நங்கூரமிட்ட படகு ராத்திரி முழுவதும் ஆளில்லாமல் நிரம்பிக்கொண்டிருக்கும். பெரிய ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறார்கள்? மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். சத்தம் கேட்காவிட்டால் பம்பைக் கழற்றுவதற்கு முன் பியூஸையும், அடுத்தபடியாக இணைப்பையும் பாருங்கள்.