அழைக்கும் ஒளி

நண்பகலில் ஏற்றிய விளக்கை நாடுவார் இலர். நள்ளிரவில் ஏற்றிய சிற்றகலோ காண்போர் கண்களையெல்லாம் கவர்கின்றது. சூழ்ந்த இருளே ஒளியின் அருமையைக் காட்டுகின்றது. இவ்வுண்மையைத் தூரிகையால் உணர்த்தியவர், இத்தாலி நாட்டு ஓவியர் காரவாச்சியோ. 1571ஆம் ஆண்டில் பிறந்த இவர், நாற்பது ஆண்டுகளும் நிரம்பாமல் 1610ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவர் 1599, 1600ஆம் ஆண்டுகளில் தீட்டிய ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ என்னும் ஓவியம், உரோமை நகரில் பிரெஞ்சு மக்களுக்குரிய புனித லூயி ஆலயத்தில், சிற்றாலயம் ஒன்றன் இடப்புறச் சுவரை இன்றும் அணிசெய்கின்றது. அதன் நீளமும் அகலமும் பத்தடிக்கு மேற்பட்டவை.

மத்தேயு வரி தண்டும் ஆயக்காரர். மக்களின் வெறுப்புக்கு ஆளான தொழிலினர். ஆயத்துறையில் அமர்ந்திருந்த அவரை இயேசுநாதர் கண்டு, தம்மைப் பின்பற்றி வருமாறு அழைத்தார். அவரும் எழுந்து பின்சென்றார். விவிலியம் இதனைச் சில சொற்களில் கூறி முடிக்கின்றது. அழைப்புக்கும் எழுச்சிக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதையே ஓவியர் தம் பொருளாகக் கொண்டார்.

இருண்ட அறை ஒன்றில் ஐவர் மேசையைச் சூழ்ந்துள்ளனர். அவர்கள் அணிந்திருப்பவை ஓவியர் காலத்து ஆடைகள். வலப்புறத்தே இயேசுநாதரும் பேதுருவும் பண்டைய உடையுடன் வெறுங்காலினராய் நிற்கின்றனர். சுவரில் ஒரு சாளரம் உண்டு. ஆயினும், அதன்வழி ஒளி வரவில்லை. இயேசுநாதரின் தலைக்கு மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை சாய்வாகப் பாய்ந்து சுவரை இருகூறாக்குகின்றது. அச்சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலுள்ள மெய்யான சாளரமும் அத்திசையிலேயே அமைந்துள்ளது. ஆதலின், ஆலயத்தின் ஒளியே ஓவியத்துள் புகுந்ததோ எனக் காண்போர் மயங்குவர்.

இயேசுநாதரின் உடல் பெரும்பாலும் நிழலில் மறைந்துள்ளது. முகமும் நீட்டிய கையுமே துலங்குகின்றன. அக்கை அதட்டும் கையன்று. மணிக்கட்டுத் தளர்ந்து, மெல்ல அழைக்கும் கை. மிக்கேலாஞ்சலோ 1512ஆம் ஆண்டில் முடித்த சிசுதைன் ஆலய விதான ஓவியத்தில், உயிர் பெறும் ஆதாம் நீட்டிய கையை இஃது ஒத்திருக்கின்றது. புதுவாழ்வு ஒன்று தொடங்குகின்றது என்பதை ஓவியர் இதனால் குறிப்பாக உணர்த்தினார் எனலாம்.

மேசை நடுவே அமர்ந்த தாடியுடையார் ஒரு விரலால் சுட்டுகின்றார். ‘என்னையா அழைக்கின்றீர்?’ எனத் தம்மைச் சுட்டுகின்றாரா? அன்றி, மேசைக் கோடியில் தலைகுனிந்து காசெண்ணும் இளைஞனைச் சுட்டுகின்றாரா? தாடியுடையாரே மத்தேயு என்பது பலர் துணிபு; அவ்விளைஞனே மத்தேயு என்பாரும் உளர்.

யார் மத்தேயுவாயினும் ஆகுக. காசெண்ணுவோர்மீதும் அவ்வொளி படிகின்றது. ஆயினும், அவர்கள் தலை நிமிரவில்லை. ஒளி எவரிடத்தும் ஓரவஞ்சனை செய்வதில்லை. அதனை நோக்கி முகத்தை உயர்த்துவதும், கைக்காசிலேயே கண்ணைப் பதிப்பதும் அவரவர் செயலே. இவ்வுண்மையை ஒரு சொல்லும் இன்றி அவ்வோவியம் உரைத்து நிற்கின்றது.