காற்றோடு போகாத குரல்

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு வயது பத்து. மின்கலங்களும் கடைகளில் அருகிவிட்டன. எனினும் வானொலி கேட்பதை எங்கள் ஊரார் விட்டாரில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிப் பெட்டியை இயக்கினர். சுழற்றுவது சிறுவர் பொறுப்பு. கை சலித்தால் லண்டனிலிருந்து வரும் தமிழோசையின் குரலும் தளர்ந்து தாழும். "சுத்தடா தம்பி, சுத்து!" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அதற்குள் ஒரு செய்தி கடந்துவிடும். போனது போனதுதான்; யாரிடம் சென்று மறுபடி கேட்பது?

1941இல் தொடங்கிய அத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் மாத இறுதியில் முடிவுற்றது. அதுபோலவே, நம் அன்னையரும் தந்தையரும் அடுப்படி வேலையையும் மறந்து கேட்ட வானொலி நாடகங்கள் எத்தனையோ, இன்று கேட்பவர் நினைவில் மாத்திரம் இருக்கின்றன.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே பொட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். விரும்பிய தொடரைக் கைப்பேசியில் ஒருமுறை குறித்துவைத்தாற் போதும். புதிய நிகழ்ச்சி வெளிவந்ததும் தானே வந்து சேரும். வேண்டிய வேளையிற் கேட்கலாம், நிறுத்தலாம், விளங்காத இடத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதன் பெயர்க்கதை வேடிக்கையானது. ஐபொட் என்ற கையடக்க இசைக்கருவியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலை ஒட்டி, 2004இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒருவர் இச்சொல்லை எழுதினார். 2001இல் வெளிவந்த அக்கருவியின் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. பெயர் மட்டும் வாழ்கிறது.

நிற்க. பொட்காஸ்ட் என்ற பெயரில் வருவனவெல்லாம் கேட்கத் தக்கவை என்று நான் சொல்ல வரவில்லை. இரு நண்பர்கள் இரண்டு மணி நேரம் தமக்குத் தாமே சிரித்துக்கொள்ளும் தொடர்கள் மலிந்துள்ளன. வானொலிக்கெனத் திருத்தமாக அமைத்த நிகழ்ச்சிகளே என் மனத்துக்கு உகந்தவை. அவற்றுள் ஒன்று பி.பி.சி. நான்காம் வானொலியின் 'இன் அவர் டைம்'. 1998இல் மெல்வின் பிராக் தொடங்கி, 2025 வரை நடத்தினார். வாரம் ஒரு பொருள். அதனைக் கற்றுத் துறைபோன அறிஞர் மூவர். ஏறத்தாழ முக்கால் மணி நேரச் சம்பாஷணை. ஒரு வாரம் கிரேக்கத் தத்துவம், மறு வாரம் நியூத்திரன். அறிஞர் ஒருவர் வழிதவறிச் சென்றால் பிராக் தயங்காமல் இடைமறிப்பார். அந்த அவசரமே எனக்குப் பிடித்தது. இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் சேர்ந்துள்ளன.

இத்தொடரின் இணையப் பக்கத்தில், நிகழ்ச்சியோடு அப்பொருள் பற்றி மேலும் படிக்கத்தக்க நூல்களின் பட்டியலும் இருக்கும். கேட்டு முடித்தவர் அடுத்து எங்கே செல்வார்? நூல் நிலையத்துக்கன்றோ! 2023இல் அன்பர் ஒருவர் இந்நிகழ்ச்சிகளை நூலகங்களின் டூயி தசம வகுப்பு முறைப்படி வரிசைப்படுத்தி இணையத்தில் இட்டார். குரல்களுக்கும் அலுமாரியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஊடி நூலகத்தில், பொதுமக்கள் தாமே ஒலிப்பதிவு செய்யும் அறைகளும் உள்ளன. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கணினி, நான்கு காதணி ஒலிவாங்கிகள் அல்ல, காதில் மாட்டும் நான்கு ஒலிக்கருவிகள், நல்ல தொடர்களைக் கண்டறிந்து தமிழில் இரண்டு வரிக் குறிப்பெழுதி ஒட்டும் ஒரு நூலகர்: இவை போதும். கண்பார்வை மங்கிய முதியோருக்கு இது பேருதவி. உரிமையாளர் அனுமதியின்றிப் பிரதிசெய்து சேமிப்பது முறையன்று. வெளியிட்டவர் பக்கத்திலிருந்தே கேட்கலாம். ஊர்ச் சனசமூக நிலையத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடியிருந்து கேட்ட பழக்கம் நம்மவர்க்குப் புதியதுமன்று.

அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை, உயிரியல் கற்கும் மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு எங்களூர்ப் பொது நூல் நிலையத்துக்குச் சென்றேன். ஒளித்தொகுப்புப் பற்றி 2014இல் ஒலிபரப்பான நிகழ்ச்சியைக் கேட்பதாக ஏற்பாடு. முதற் பத்து நிமிடமும் ஆங்கில உச்சரிப்பு பிடிபடாமல் நெளிந்தார்கள். இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கினேன். பின்னர், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "சேர், அந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள். போட்டேன். மிதியைச் சுழற்றிச் சலித்த என் பழைய கை நினைவுக்கு வந்தது. அதே இடத்தை மூன்று முறை கேட்டார்கள்.

முடிந்ததும் நூற்பட்டியலோடு அலுமாரிகளுக்கிடையே தேடினார்கள். பட்டியலிலிருந்த நூல் ஒன்றேனும் அங்கு இல்லை. நூலகர் தமது மேசைக்குத் திரும்பி, பதிவேட்டை விரித்து, மூன்று நூல்களின் பெயர்களை மாணவி சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டார்.