காலுறையையும் வரையுங்கள்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் சாலையோரத்தில் பல முகங்களைப் பார்த்துவிடலாம். கட்சித் தலைவர்கள், நடிகர்கள், காதுகுத்துக்குத் தயாரான குழந்தைகள், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். விளையாட்டு வீரர்கள் அபூர்வம். மாற்றுத்திறனாளி வீரர் என்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா வென்ற 29 பதக்கங்களில் நான்கு தமிழ்நாட்டினர் வென்றவை. பேட்மின்டனில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுவுக்கு வெண்கலம். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் மேடைகளில் ஏறியவர் அவர். தமிழக அரசு நால்வருக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஊர் தன் வீரரைக் கொண்டாடும் விதம் பெரும்பாலும் பிளெக்ஸ் பேனர்தான். அடுத்த கல்யாணம் வந்ததும் அதே கம்பத்தில் வேறு பேனர் ஏறிவிடும்.

கனடா வேறு வழியில் போனது. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த டெரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரலில் அட்லாண்டிக் கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதே நோக்கம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு வருடம், 22 வயதில் இறந்தார். அந்த தண்டர் பேயிலேயே 1982-ல் வெண்கலச் சிலை எழுந்தது. பிறகு வான்கூவரில், கலைஞர் டக்ளஸ் கூப்லாண்ட் 2011-ல் நான்கு சிலைகளை வரிசையாக நிறுத்தினார். நான்கும் டெரிதான், ஓட்டத்தின் நான்கு கணங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. செயற்கைக் காலை எதிலும் மறைக்கவில்லை. அந்தக் கால் ஊன்றுவதும் மற்றது எழும்புவதும்தான் சிற்பமே.

செலவில்லாத வழியும் உண்டு. 2012 லண்டன் போட்டிகளின்போது பிரிட்டன் அஞ்சல்துறை, தங்கம் வென்ற ஒவ்வொரு பிரிட்டிஷ் வீரரின் ஊரிலும் ஒரு சிவப்புத் தபால் பெட்டிக்குத் தங்க நிறம் பூசியது. ஒலிம்பிக்குக்கு ஒன்று, பாராலிம்பிக்குக்கு ஒன்று என்று பாகுபாடு கிடையாது. நீச்சல் வீராங்கனை எல்லி சிமண்ட்ஸின் பெட்டி இன்றும் ஆல்ட்ரிட்ஜில் பளபளக்கிறது.

அதே லண்டனில் சண்டையும் நடந்திருக்கிறது. கைகள் இல்லாமல் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பர் கர்ப்பிணியாக இருந்தபோது, மார்க் குவின் அவரைப் பளிங்கில் செதுக்கினார். 2005-ல் டிரஃபால்கர் சதுக்கத்தில் அந்தச் சிலையை வைத்ததும், பொது இடத்துக்கு இது அழகா என்று முணுமுணுப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சதுக்கத்தின் நடுத் தூணில் நிற்கும் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் ஒரு கை கிடையாது. போரில் போன கை வீரம். பிறவியிலேயே இல்லாத கை மட்டும் கண்ணை உறுத்துகிறதா? 2012 பாராலிம்பிக் தொடக்க விழாவில் அந்தச் சிலையின் பிரம்மாண்டப் பிரதி மைதானத்தில் நின்றது.

நம் ஊரில் மாற்றுத்திறனாளி வீரர்களை இப்படிப் பொது இடத்தில் காட்ட ஓவியர்களுக்கு முதலில் விளையாட்டு தெரிய வேண்டும். மாரியப்பனின் வலது கால், ஐந்து வயதில் அதன்மேல் பஸ் ஏறியதால் முழங்காலுக்குக் கீழே வளர்ச்சி குன்றியது. டோக்கியோவில் மழை பெய்தபோது அந்தக் காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டது, அதனால் தாண்டக் கஷ்டப்பட்டேன் என்று போட்டி முடிந்ததும் சொன்னார். அன்று தாண்டியது 1.86 மீட்டர், ரியோவில் 1.89. ஆகவே சுவரில் அவரை வரைபவர் அந்தக் காலுறையையும் வரைய வேண்டும். பூ, புறா, உதயசூரியன், ‘தன்னம்பிக்கை’ என்ற கொட்டை எழுத்து எதுவும் வேண்டாம். அவற்றைப் போட்டால் வீரர் மறைந்து பரிதாபம் முன்னால் வந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டாள் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத்துக் கர்ணனையும் அர்ச்சுனனையும் பார்த்து வளர்ந்தவர்கள். இடுப்பு வளைவும் தசை முறுக்கும் கல்லில் எப்படி வரும் என்று அறிந்த கண்கள் அவை. கிருஷ்ணன்கோவிலின் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ செவித்திறன் குறைந்த மாணவர்கள் பொறியியல் படிக்கிறார்கள். அந்த வழியில் ஒரு நல்ல சுவருக்குப் பார்வையாளர்கள் பஞ்சமில்லை.

செஸ் ஒலிம்பியாட்டுக்காக 2022-ல் நேப்பியர் பாலத்தையே சதுரங்கக் கட்டங்களாக்கிய மாநிலம் இது. அதே ஆண்டு மெரினாவில் சக்கர நாற்காலி கடல் அருகே போக மரப்பாதையும் போட்டது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தால் போதும். ஊராட்சியோ பள்ளியோ அடுத்த முறை சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஒரு பாராலிம்பிக் வீரருக்கு இடம் ஒதுக்கட்டும். படம் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு இறங்கி வரட்டும். சிலையானால், பார்வையற்றவர் தொட்டுப் பார்க்கும்படி வேலி இல்லாமல் நிற்கட்டும். அதற்குப் போகும் வழியில் படி மட்டும் கட்டிவிடாதீர்கள், சாய்தளம் போடுங்கள்.